அன்று உங்கள் காலில் என்ன இருந்தது?

சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நூலை வெளியிட வந்திருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் வாய்மொழி வரலாற்றாளர்களே, கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பாலத்தடிக் குடியிருப்பு மக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முறைப்படி மேடையிலிருந்து தொடங்கிவிட்டேன். இந்த நூலுக்காக உழைத்து மறைந்துபோன என் சித்தியாக இருந்தால் கடைசி வரிசையிலிருந்து தொடங்கியிருப்பார்.

நான் அவருடைய அக்கா மகள். அவர் பதிவு செய்து கொண்டுவந்த குரல்களைக் கேட்டுத் தட்டச்சு செய்தவள். பள்ளி விட்டு வந்ததும் அதுதான் என் வேலை. வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சித்தி என்னை 'எலிக்குட்டி' என்றுதான் கூப்பிடுவார். ஆகவே என் குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடுக்கத்தை அழுகை என்று நினைத்துவிடாதீர்கள். அழச் சொல்லித்தான் என்னை இங்கே ஏற்றியிருக்கிறார்கள். நான் அழமாட்டேன்.

ஆமாம், சொல்லித்தான் ஏற்றியிருக்கிறார்கள். செயலாளர் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்து, "ரெண்டாவது பத்தி முடியிறப்ப அழுகை வந்தா அடக்காதம்மா, நல்லா எடுபடும்" என்றார். நேற்று மாலை இதே அரங்கில் சித்தியின் படத்தை நிறுத்தி வைத்தபோது, "இதுல சிரிக்கிறாங்களே, சோகமா ஒண்ணு இல்லையா?" என்று கேட்டார். மூக்கைச் சிந்தினார். சிந்திய கைக்குட்டையாலேயே அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார்.

சித்தியை ஆய்வாளர் என்று மேடையில் சொல்கிறீர்கள். மேடைக்குப் பின்னால் நீங்கள் அவருக்கு வைத்த பெயர் 'செருப்பக்கா'. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தவர் அவரே. ஏன் அந்தப் பெயர்? யாரைச் சந்தித்தாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "அன்னைக்கு உங்க கால்ல என்ன இருந்துச்சு?"

ஆலையை விரிவாக்க ஒரே காலையில் ஒரு குடியிருப்பையே காலி செய்தார்கள். அங்கிருந்தவர்கள், இன்று கடைசி வரிசையில் இருக்கும் இவர்கள்தான், கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு நகரத்தைக் குறுக்காகக் கடந்து நடந்தார்கள். அவர்களைத்தான் பல ஆண்டுகளுக்குப் பிறகு சித்தி தேடிப் போனார். பாரவண்டி ஓட்டும் பெரியவர் ஒருவர், "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, ஆளை விடுங்கம்மா" என்று ஒரு மதியம் முழுக்கத் தட்டிக் கழித்தார். சித்தி அவர் காலில் என்ன இருந்தது என்று கேட்டார். பதிவில் அடுத்து அந்தப் பெரியவரின் குரல்: "ஒரு கால்ல என் செருப்பு. இன்னொரு கால்ல என் பொண்டாட்டி செருப்பு. பாலத்தைத் தாண்டித்தான் குனிஞ்சு பாத்தேன். அவ அப்பவும் சிரிச்சா." அதன்பின் அவர் நிறுத்தவே இல்லை. எல்லாம் ஞாபகம் இருந்தது! கேட்கத் தெரிந்த ஆள்தான் அதுவரை வரவில்லை.

அதோடு விட்டாரா? அவர்களைக் கூட்டிக்கொண்டு அன்று நடந்த அதே வழியில் திரும்ப நடந்தார். நடக்க நடக்கப் பதிவு செய்தார். மூச்சு வாங்கும் சத்தமும் பேருந்து ஒலிப்பானும் நிறைந்த அந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டுச் செயலாளர் கேலி செய்தார்: "ஏம்மா, இது நேர்காணலா, ஓட்டப்பந்தயமா?"

சித்தி சொன்னார்: "உக்காந்தா கதை சொல்றாங்க சார். நடந்தா, நடந்ததைச் சொல்றாங்க."

நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். காலால் நடந்ததும் நடந்ததுதான், வாழ்க்கையில் நடந்ததும் நடந்ததுதான். இந்த ஆண்டு மாநாட்டுக்கு 'நகர்வும் நினைவும்' என்று பெயர் வைத்து, தடித்த அட்டையில் அழைப்பிதழ் அடித்திருக்கிறீர்கள். மாநாடு முழுக்க நீங்கள் பேசப்போவதை என் சித்தி ஒரே வரியில் பேசி முடித்துவிட்டார்.

வாசலில் 'குரலற்றவர்களின் குரல்' என்று பதாகை கட்டியிருக்கிறீர்கள். யார் குரலற்றவர்? கடைசி வரிசையில் இருக்கும், துணி தைக்கும் நம் தையலம்மாவா? அவர் வாயைத் திறந்தால் தெருமுனை திரும்பிப் பார்க்கும்! அவர் குரலைத் தட்டச்சு செய்யும்போது நான் காதிலிருந்து கருவியைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்வேன். அவருக்குக் குரல் இருக்கிறது. உங்களுக்குத்தான் காது இல்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

சித்தியின் நெஞ்சு நோய் முற்றி அவர் மருத்துவமனையில் இருந்தபோது செயலாளர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நான் நின்றிருந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. என்னை யாரும் கவனிப்பதில்லை.

"எல்லாம் பிரமாதமா வந்திருக்கும்மா. ஆனா 'வெரட்டுனாங்க, வெரட்டுனாங்க'ன்னு பக்கத்துக்குப் பக்கம் வருது. ஆலைக்காரங்க மேடையில இருப்பாங்க. கொஞ்சம் கண்ணியமா 'இடம்பெயர்ந்தோம்'னு போட்டுக்கலாமே? அர்த்தம் ஒண்ணுதானே?"

சித்தி முகத்திலிருந்த பிராணவாயுக் குழாயை விலக்கினார். "ஒண்ணுதான்னா மாத்துவானேன் சார்?"

அவர் சிரித்து மழுப்பினார். சித்தி மறுபடி மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: "வேணும்னா என் பேரை எடுத்துடுங்க. அவங்க சொல்லை எடுக்காதீங்க."

"நீங்க ஓய்வெடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று இந்த மேசைமேல் கட்டுக் கட்டாக இருக்கும் நூலைப் பாருங்கள். அட்டையில் என் சித்தியின் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கிறது! எடுக்கச் சொன்ன பெயரைப் பெரிதாகப் போட்டீர்கள். எடுக்காதே என்ற சொல்லை எடுத்துவிட்டீர்கள். தையலம்மா சொன்னதை நான் தட்டச்சு செய்தது இப்படி: "விடியறதுக்குள்ள கதவை ஒடச்சு, நாயை வெரட்டுற மாதிரி வெரட்டுனாங்க. அடுப்புல பால் கொதிச்சிட்டு இருந்துச்சு. எறக்கி வைக்கவும் விடல. அந்தத் தீஞ்ச வாசனை பாலம் வரைக்கும் என் கூடவே வந்துச்சு." நூலில் அது எப்படி வந்திருக்கிறது? "ஓர் அதிகாலையில் நாங்கள் இடம்பெயர்ந்தோம். அந்த நாட்களின் நினைவுகள் இன்றும் இனிமையானவை."

இனிமையா? யார் சொன்ன இனிமை அது? பால் தீய்ந்த வாசனையில் எங்கிருந்து எடுத்தீர்கள் அந்த இனிமையை? அதைப் படித்தபோது வாயில் போட்ட சோற்றில் முடி அகப்பட்டதுபோல் இருந்தது. துப்பவும் முடியவில்லை; யார் முன்னால் துப்புவது என்று தெரியவில்லை. அதற்கு மேலே முன்னுரையில் ஒரு வரி: "மறைந்த ஆய்வாளரின் முழு ஒப்புதலுடன் மொழி செப்பம் செய்யப்பட்டது."

அது பொய். நான் அங்கே இருந்தேன்.

விரட்டியவர்கள் ஒருமுறைதான் விரட்டினார்கள். வீட்டிலிருந்து விரட்டினார்கள். நீங்கள் அவர்களை அவர்கள் வாயிலிருந்தே விரட்டியிருக்கிறீர்கள். மேலாளர் அவர்களே, உங்களைக்கூட எனக்குப் புரிகிறது. ஆலை என்றால் ஆலை. ஆனால் கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு சங்கம்! இந்த மண்டபத்தில் இத்தனை காதுகள்! நூலின் படி பலருக்கு முன்கூட்டியே வந்தது. ஒருவருக்குமா அந்த 'இனிமை' உறுத்தவில்லை? பிஸ்கட்டும் தேநீரும் தொண்டையில் இறங்குகின்றனவே, எப்படி?

எனக்குப் பயமாக இருக்கிறது. தலைவர் அவர்கள்தான் என் பள்ளியின் தாளாளர். அடுத்த வாரம் வகுப்பில் என் பெயரைக் கூப்பிடுவார்களா என்று தெரியாது. அம்மா என்னிடம் சொன்னார்: "எழுதிக் குடுத்ததைப் படிச்சுட்டு வாயை மூடிக்கிட்டு எறங்கு. அவ போயிட்டா. நாமதான்டி இங்க இருக்கணும்."

அம்மா, நீ சொன்னது சரி. நாம்தான் இங்கே இருக்க வேண்டும். தையலம்மாவும் நம் தெருவில்தான் இருக்கிறார். உன் ரவிக்கையையும் என் சீருடையையும் அவர்தான் தைக்கிறார். அளவெடுக்க நான் போய் நிற்கும்போது அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுகளைப் பிரிக்காதீர்கள். பிரித்தே தீருவீர்கள் என்றால், சித்தியே சொன்னபடி அவர் பெயரை எடுத்துவிடுங்கள். மூலப் பதிவுகள் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. யார் யார் பேசினார்களோ அவரவர் குரலை அவரவர் வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். நடந்தே போவேன். சித்தி பாதியில் விட்ட மீதி ஆட்களிடமும் போவேன். எலிக்குட்டிக்கும் கால் இருக்கிறது.

இப்போது ஒரு நிமிட மௌனம் என்று அறிவிப்பார்கள். இந்த மக்கள் இத்தனை வருடம் இருந்த மௌனம் போதாதா? மௌனத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். செயலாளர் எழுதிக் கொடுத்த தாளை இந்த மேசைமேல் வைத்துவிடுகிறேன். சித்தியின் ஒலிப்பதிவுக் கருவி என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை இயக்கி, ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு, கடைசி வரிசைக்கு நடந்து வருகிறேன்.

தையலம்மா, எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தே சொல்லுங்க. மேடைக்கும் கேக்கட்டும்.

அன்னைக்கு உங்க கால்ல என்ன இருந்துச்சு?