அமானி கட்டிய முச்சைக்கயிறு அறுந்தது பற்றி

எனது பெயர் பதியுதீன் நுஸ்கி. வயது 43. வசிப்பது கற்பிட்டி, களப்போர வீதி. மணமானவன், இரண்டு பிள்ளைகள். இருபது வருடம் கடலுக்குப் போனேன். கடந்த ஆறு வருடமாக இங்குள்ள கைட் சவாரி முகாமொன்றில் கரைப் பொறுப்பாளராக வேலை செய்கிறேன். இந்த வாக்குமூலத்துக்கு என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

கைட் என்பது ஆளைத் தண்ணீரின்மேல் இழுத்துக்கொண்டு போகும் பெரிய பட்டம். அதன் முன்விளிம்பில் கட்டிய முச்சைக்கயிறுகள் சிறு கப்பிகளுக்குள்ளால் ஓடுகின்றன. கப்பி இறுகினால் கயிறு தேய்ந்து அறும், அறுந்தால் கைட் ஆளின் சொல் கேளாது.

இம்மாதம் 9ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, இடப்பக்க முச்சை தேய்ந்த ஒரு கைட்டைத் திருத்தக்காரி அமானியிடம் கொண்டுபோனேன். தேய்ந்தது ஒரு பக்கம்தானே என்றேன். அவர் இரண்டு பக்கத்தையும் கழற்றினார். புதுக்கயிறு இழுபடும், பழையது இழுபடாது, ஒன்றை மட்டும் மாற்றினால் கைட் சரிந்து பறக்கும் என்றார். அதன் பின் புதுக்கயிறுகளை நனைத்து, பாரம் கட்டித் தொங்கவிட்டு, இரும்பு அடிமட்டத்தால் அளந்தார். ஒரு கயிறு மற்றதைவிட இரண்டு மில்லிமீற்றர் கூட இருந்ததால் முழுவதையும் அவிழ்த்து மீண்டும் கட்டினார். நான்கு புதுக்கப்பிகளையும் காதருகே வைத்துச் சுழற்றிக் கேட்டார். வள்ளத்தில் நான் கட்டாத முடிச்சில்லை என்ற பெருமை எனக்குண்டு. அன்று அந்தப் பெருமை வாயைப் பொத்திக்கொண்டது. இவ்வளவு சுத்தமான வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இப்படிப்பட்ட வேலை பழுதாகக் கூடாதென்று, புதன்கிழமை காலை நான்கு கப்பிகளுக்கும் தேங்காய் எண்ணெய் விட்டேன். வலை இழுக்கும் கப்பிக்கு எண்ணெய் விட்டே பழகிய கை. அதன் பின் இரண்டு நாள் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று மணலை வாரியடித்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்தக் கைட்டில் போன வெளிநாட்டு விருந்தினருக்கு இடப்பக்க முச்சை அறுந்தது. கைட் அவரைக் கரைக்கு இழுத்து அடித்ததில் தோள் எலும்பு முறிந்தது. அவரை வைத்தியசாலைக்கு ஏற்றிவிட்டு, முகாம் முகாமையாளர் அமானியின் கவனக்குறைவென்று முறைப்பாடு கொடுத்தார். மாலைக்குள் மற்ற முகாம்களும் அவரிடம் திருத்தக் கொடுத்திருந்த கைட்டுகளைத் திருப்பி எடுத்தன. அவருடைய தொழில் அதோடு நின்றது.

அதன் பின் அமானி கரைக்கு வந்து, அறுந்த இடத்திலிருந்த கப்பியைப் பெருவிரலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. வெள்ளைத் துணியால் துடைத்தார், எண்ணெயில் குழைந்த மணல் வந்தது. மோந்து பார்த்தார்.

"இதுக்கு எண்ணெ போட்டது ஆரு?" என்று கேட்டார்.

ஏழு பேர் நின்றோம். நான்தான் என்று சொன்னால் வேலை போய்விடுமென்று பயந்தேன், வெட்கமாகவும் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாம் தரம் கேட்காமல் துணியை மடித்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன், "எனக்குத் தெரியும் நாநா. சொல்ல வேண்டிய இடம் இதில்ல," என்றார். கோபப்படவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் தமது வாக்குமூலத்தில் என் பெயரைச் சொல்லவில்லை என்பதை இன்று நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

அவர் கட்டியதில் பிழையில்லை. மற்ற மூன்று கப்பிகளையும் எடுத்துப் பாருங்கள், எல்லாம் எண்ணெயும் மணலுமாக இருக்கும், முடிச்சு ஒன்றுகூட நழுவியிராது. விருந்தினரின் தோளுக்குப் பொறுப்பு நான்.

மேற்படி வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில் நான் "அறியாமல்" எண்ணெய் விட்டதாக எழுதியிருந்தீர்கள். என்மேல் இரக்கப்பட்டு எழுதினீர்கள் போலும். அந்தச் சொல்லை வெட்டும்படி கேட்டு, வெட்டிய இடத்தில் கையொப்பமிட்டேன். செவ்வாய்க்கிழமை கைட்டைத் தந்தபோதே அமானி சொன்னார்: "கப்பிக்கு நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க நாநா, எண்ணெ கிண்ணெ வாணாம்." ஓம் என்று தலையாட்டியவன் நான். இதையும் சேர்த்து எழுதியபின், எல்லாம் நான் சொன்னபடியே உண்மையென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ப. நுஸ்கி
2024.07.14