சும்மா இருந்தால் சாகும் பலகை

மனிதன் மின்சாரத்தைக் கட்டிப்போட்டுவிட்டான். இனி அவன் அஞ்ச வேண்டியது எதுவுமில்லை. சிஞ்சு என்ற ஊரின் தொழிற்பூங்காவில் இயக்குநர் ஃபாங் வருஷா வருஷம் இப்படி முழங்குவார். முழங்கிவிட்டு, ஒவ்வொரு சோதனை மேசையிலும் பச்சைநிறச் சோளப்பொரிப் பொட்டலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அது இருந்தால் இயந்திரம் அடம்பிடிக்காதாம். பொட்டலம் காலாவதியாகிவிட்டதா என்பதையும் பார்ப்பார்.

கிட்ட வந்து உட்காருங்கள். இது என் நண்பனின் மைத்துனன் குவான்-டிங்குக்கு நடந்தது. பேய் மாதம், செத்தவர்கள் திரும்பி வந்து நடமாடுவதாக அங்கே நம்பும் மாதம். ராத்திரி ஒரு மணி. பூங்காச் சாலையில் ஒரு ஸ்கூட்டர்கூட இல்லை... காற்று மட்டும். குவான் தனியாகச் சோதனைக்கூடத்துக்குப் போனான்.

அவனும் வென்-ஷியாங்கும் சேர்ந்து செய்த மின்பலகை அது. பெரிய சுமையை அநாயாசமாக இழுக்கும். அதில் மாட்டிய கருவி தூங்கி, இழுக்க ஒன்றும் இல்லாதபோதுதான் வம்பு. வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் விட்டுவிட்டுத் துடிக்கும், சீட்டியடிக்கும், வோல்டேஜ் எகிறிச் செத்துப்போகும். அதனால்தான் குவான் ஒரு சிறு ரெசிஸ்டரை வைத்திருந்தான். சும்மா இருக்கும்போதும் துளி மின்சாரம் குடித்துக்கொண்டிருக்க. மின்சிக்கன விருதுக்காக வென் அதைப் பிடுங்கினான். பலகைகள் வாடிக்கையாளரிடம் சாகத் தொடங்கியதும், "ரெசிஸ்டர் இல்லாமலே ஓடும்யா. குவான் பத்தவச்ச லட்சணம்தான் சரியில்ல" என்று கையை விரித்தான். கல்லூரியிலிருந்து ஒரே அறை. வென்னின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் குவான்தான்.

விடிந்ததும் வாடிக்கையாளர் வருகிறார்கள். ரெசிஸ்டர் இல்லாத பலகை அதற்குள் தானாகச் செத்துக் கிடந்தால் குவான் பிழைத்தான். இல்லையென்றால் வேலை போயிற்று.

பலகையைச் சுமையில்லாமல் ஓடவிட்டான். பக்கத்து நாற்காலி காலி... போன வசந்தத்தில் இறந்த மூத்த பொறியாளர் பான் உட்கார்ந்தது. அதன்முன் ஒரு காப்பி டப்பாவை வைத்துக் கைகூப்பினான். "பான் அண்ணே, ஒரு கோளாறும் வராம பாத்துக்குங்க."

பழக்கதோஷம். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பலகையிலிருந்த கம்பிச்சுருள் மெல்லச் சீட்டியடித்தது... ஈஈஈ... நின்றது.

வெளியே போகும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டரில் முள் லேசாக எழுந்தது. கம்பிமுனைகள் வெறுமனே தொங்கின. எதிலும் இணைக்கவில்லை. பான் கழுத்தில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் நெடி...

மீட்டரை மாற்றினான். அதிலும் முள் அங்கேயே நின்றது. யாரோ துளித்துளியாக மின்சாரத்தைக் குடித்து, பலகையைச் சாகவிடாமல் வைத்திருந்தார்கள்.

"அது சாகணும் அண்ணே... விட்டுடுங்க..." அழுதேவிட்டான்.

முள் இன்னும் கொஞ்சம் ஏறியது.

காலையில் வாடிக்கையாளர் முன்னால் வென் பலகையைத் தடவிக்கொடுத்தான். "பாருங்கய்யா, பச்சப்புள்ளமாதிரி ஓடுது. டேய் குவான், என்மேல இவ்வளவு வயித்தெரிச்சலாடா உனக்கு?"

"எதையும் இணைக்கலடா! முள்ளப் பாரு!"

"இணைக்காமலே ஓடுதுன்னுதானே நானும் சொல்றேன்?"

வாடிக்கையாளர் சிரித்தார்கள். ஃபாங், குவானின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் தானே கழற்றிக்கொண்டார். "நம்ம மின்சாரம் யாரையும் கைவிடாது" என்றார்.

வென் சுவிட்சை அணைத்தான். பலகையின் விளக்கு அணைந்தது. முள் இறங்கவில்லை.

குவானைத் தவிர யாரும் அங்கே பார்க்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

குவானும் தட்டினான்.