விரல் மடங்கிய ராணி

கிட்ட வந்து உட்காருங்கள். இந்த மூடுபனியில் இன்றைக்குப் படகு எதுவும் கிளம்பாது. அந்தக் கதவையும் சாத்துங்கள்... இது நம் படகுக்காரன் பியேரோவின் பெரியப்பா ஸோர்ஸிக்கு நடந்தது.

விடிய இன்னும் ஒரு மணி நேரம். வாய்க்கால் ஓரச் சந்து. ஈ காக்கை இல்லை. கல்தச்சர் ஸோர்ஸி தேவாலயத்துப் பக்கவாசலைத் திறந்து, நேரே ராணியின் சமாதிக்குப் போய் விளக்கைத் தூக்கிப் பார்க்கிறார்.

மூன்றாம் நாளும் அதே கூத்து. பளிங்கு ராணியின் விரல்கள் மடங்கியிருக்கின்றன.

அவள் நம் வெனிஸ் பெண்தான். பதினாலு வயதில் சொந்தச் சித்தப்பாவே பேரம் பேசி, ஏதோ தீவு ராஜாவுக்குக் கட்டிவைத்தார். ராஜா செத்தான். குழந்தையும் செத்தது. உடனே நம் அரசாங்கம் கிரீடத்தைப் பிடுங்கிக்கொண்டது. கடைசியில் பளிங்கில் ஒரு சமாதி! அதில் அவள் சிரித்த முகத்தோடு, விரல் விரித்துக் கிரீடத்தை நீட்ட வேண்டுமாம். சொல்லும்போதே எனக்கு வயிறெரிகிறது.

ஸோர்ஸி விரித்த விரல்களைத்தான் செதுக்கியிருந்தார். ஒவ்வொரு காலையும் பார்த்தால் அவை கிரீடத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கும்.

கல்லை வெட்டி எடுக்கலாம், வளர்க்க முடியாது. ஆனால் ஒரு திருட்டு வேலை உண்டு. மெழுகில் பளிங்குத் தூளைக் குழைத்து ஒட்டினால் யாருக்கும் தெரியாது. மோந்து பார்த்தார்... மெழுகு வாசனை. தேவாலயத்தில் மெழுகு மணக்காத மூலை ஏது? அது அவருக்கு உறைக்கவில்லை. இன்னொரு சாவி அவரோடு கல் செதுக்கும் மொமோலோவிடம் இருந்தது; அவன் அவர் மனைவியின் தம்பி.

"நீதானேடா?"

"எனக்கு வேற வேலையில்லையா மச்சான்? நீங்கதான் குடிச்சுட்டுச் செதுக்கியிருப்பீங்க!"

அந்தக் கிண்டல்தான் வினையாயிற்று. தன் பேரைக் கெடுத்து வேலையைப் பறிக்கப் பார்க்கிறான் என்று ஸோர்ஸி முடிவு கட்டிவிட்டார். மொமோலோ அரசாங்கத்தைக் கேலி செய்து ராணியின் விரலை மடக்குகிறான் என்று பெயர் போடாமல் ஒரு தாள் எழுதி, அரண்மனைச் சுவரில் புகார் போடுவதற்கென்றே இருக்கும் சிங்க வாய்ப் பெட்டியில் போட்டார். சாயங்காலமே மொமோலோவைப் பிடித்துப் போனார்கள். விசாரணை என்றால் கையைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்குவார்கள். தோள் கழன்றால் அப்புறம் ஆயுசுக்கும் உளி பிடிக்க முடியாது.

வீட்டில் மனைவி பெத்தினா தலையில் அடித்துக்கொண்டாள். "எவனோ காட்டிக் குடுத்துட்டான்! அவன் கை விளங்காமப் போக!"

ஸோர்ஸி தேவாலயச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நழுவினார்.

அன்றிரவு தேவாலயக் கதவை உள்பக்கம் பூட்டிவிட்டு, சமாதி எதிரிலேயே உட்கார்ந்தார். கண் மூடவில்லை. விளக்கு மங்கியது...

க்ரிச்.

கொஞ்ச நேரம் கழித்து, க்ரிச்... மொத்தம் ஐந்து தடவை.

விளக்கைத் தூண்டினார். விரல்கள் முன்னைவிட இறுக மடங்கியிருந்தன. உளியை எடுத்து ஒரு விரலை வெட்டினார். உள்ளே வெள்ளைக் கல். பொட்டு மெழுகில்லை.

விடிந்ததும் அரண்மனைக்கு ஓடினார். "ஐயா, மொமோலோ மேல தப்பில்லை. எழுதினது நான்தான்!"

"தெரியும். அவனை விட்டாச்சு." அதிகாரி ஒரு தாளை நீட்டினார். "ராத்திரி பெட்டியில இது விழுந்துச்சு."

ஒரே வரி. 'சொந்த வீட்டு ஆளை விற்றவன் ஸோர்ஸி.'

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "கிரீடத்தை விட்டுக்குடுத்தப்ப ராணி எழுதின பத்திரம் எங்ககிட்ட இருக்கு. ஒத்துப் பார்த்தோம்... அதே எழுத்து."

ஸோர்ஸி வீடு வந்து சேர்ந்தார். வாசலிலேயே பெத்தினா நின்றாள். அவள் கையிலும் ஒரு தாள். அந்த வரியை ஒரு எழுத்து பிசகாமல் உரக்கப் படித்தாள்.

பெத்தினாவுக்குப் படிக்கத் தெரியாது.