ஆறு நாட்டுக்கோழி

இல்ல நேசமணிக்கா, சேர் வேணாம். நின்னுக்கறேன். சர்ச்சு வாசல்லயே சொல்லிடணும்னு பாத்தேன், என்னைக் கண்டாலே நீங்க வேற பக்கம் போயிடறீங்க. உங்களச் சொல்லி இன்னா? நான் பண்ண வேலை அப்படி.

எண்ணூறு கோழிக்கா. ஒண்ணு தப்பல. நேத்து வெட்னரி டாக்டரு வந்து பாத்துட்டு வெள்ளக் கழிச்சல்னாரு. அவராண்டயும் மொதல்ல உங்களத்தான் காட்டிக் குடுத்தேன். பக்கத்து வூட்டு நாட்டுக்கோழி எங்க வேலியாண்ட மேயும் சார், அதுங்கதான் நோவ எடுத்தாந்துச்சுன்னு. ஏன் கிளமெண்ட், அதுங்க செத்துச்சான்னு கேட்டாரு.

எங்க செத்துச்சு? அறுக்கற வரைக்கும் ஆறும் நல்லாத்தான் மேஞ்சிகினு இருந்துச்சு. நம்ம ஸ்கெலட்டன் லைன் தெரு சனமே வேடிக்கை பாக்க உங்க வாசல்ல நின்னு கத்தி, அறுக்க வச்சவன் நான். அந்தக் கறுப்புப் பெட்டைய மட்டும் வுட்டுருப்பா, அடைக்கு உக்காந்து கீதுன்னீங்க. அதக்கூட வுடல.

ஷெட்டுல நான் போடாத ரூலா? சுண்ணாம்பு மிதிச்சிட்டுத்தான் உள்ள வரணும், உள்ள போறதுக்கு வேற செருப்பு. சொந்த மச்சான் இன்பராஜையே கால் கழுவலன்னு வெரட்டி வுட்டேன். அவ்ளோ ஒழுங்கு எனக்கு.

தடுப்பு மருந்தா? போட்டேன்க்கா. தண்ணில கலந்து குடுக்கறது. பெங்களூர்லேந்து நானேதான் ஐஸ் டப்பால வச்சி எடுத்தாந்தேன். ரயில்ல நம்ம பசங்க சீட்டாடுவானுங்கல்ல, காலை ஷிப்ட்டு முடிஞ்சி வர்றவனுங்க. பங்காருப்பேட்டைல எறங்கியும் ஆட்டம் முடியல. பிளாட்பாரத்துலயே துண்ட விரிச்சோம். ஊருக்கு வர்ற மாரிக்குப்பம் வண்டி ரெண்டு போச்சு. டப்பா வெயில்லயே கெடந்துச்சு.

டாக்டரும் அதத்தான் கேட்டாரு, ஐஸ் இருந்துச்சான்னு. இருந்துச்சு சார்னுட்டேன். பொண்டாட்டி ஷைலா பக்கத்துல நிக்கறா. சீட்டத் தொடமாட்டேன்னு அவளுக்கு பைபிள் மேல சத்தியம் பண்ணிக் குடுத்தவன், வேற இன்னா சொல்லுவேன்?

ஐஸ் இல்லக்கா. தொறக்கும்போதே வெறும் தண்ணி. சீசாவத் தொட்டா வெதுவெதுன்னு இருந்துச்சு. இது வேலைக்காவாதுன்னு தெரிஞ்சிதான் ஊத்துனேன்.

ஆமாக்கா. உங்க கோழிங்கள அறுங்கன்னு நின்னப்பவும் தெரியும்.