விளக்கேந்திக்கு இடமில்லாத பதிப்பு

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன், விழாது. நீங்கள் கேட்டதற்குக் கட்டாயம் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்த ஒரு சின்னச் சிக்கலைச் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் ஆடும் விளையாட்டின் பழைய விதிப்புத்தகத்தில் 'விளக்கேந்தி' என்றொரு பாத்திரம் உண்டு. புதிய பதிப்பில் அது இல்லை. அப்படியானால், பல வருடம் ஆடி வளர்த்த ஒரு விளக்கேந்தியைப் புதிய பதிப்புக்கு எப்படிக் கொண்டுபோவது? இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்தேன். வீரனை மாற்றலாம். திருடனை மாற்றலாம். இவளை மட்டும் முடியவில்லை.

இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. ஒருவர் நடத்துவார். குகை எவ்வளவு ஆழம், கதவுக்குப் பின்னால் யார் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பேசுவார்கள். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்தின் பலமும் காயமும் ஒரு தாளில் இருக்கும். எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரமாகப் பேசும்போது உள்ளங்கையைத் தாளின் மேல் வைக்க வேண்டும். கையை எடுத்துவிட்டால் நீங்கள் நீங்களாகப் பேசுகிறீர்கள் என்று பொருள். இது இல்லாவிட்டால், 'உன்னைக் கொன்றுவிடுவேன்' என்று யார் யாரிடம் சொன்னார்கள் என்றே தெரியாமல் போகும்.

நான் நடத்துபவன். வாரநாளில் லிஃப்ட் பழுது பார்ப்பேன், ஞாயிறு மதியம் இந்த மேசை. பல் டாக்டர் திருடனாக ஆடுவார். கணக்கு டீச்சர் மந்திரவாதி. என் அக்காவின் கணவர், தையற்கடை வைத்திருந்த அத்தான், வீரன். அவர்கள் மகள் விளக்கேந்தி.

விளக்கேந்தி வாள் எடுக்கக் கூடாது. எல்லோருக்கும் முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அந்த விளக்கு எரியும் வரை கூட்டத்தில் யாரும் ஒரே அடியில் சாக மாட்டார்கள். அந்த அடியின் பாதி அவள் பலத்திலிருந்து கழியும். எவ்வளவு அழகான ஏற்பாடு, பாருங்கள். அவள் அதை ஆடிய விதமும் அப்படித்தான். அப்பாவின் வீரன் எலிக்குப் பயந்து ஓடியபோது, விளக்கைத் தூக்கிப் பிடித்து, "இந்தப் பக்கம் ஓடுங்கப்பா, அங்க சுவரு," என்றாள். டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை.

நாங்கள் மறுபடி கூடிய ஞாயிறு அவள் தாள் உறையோடு மேசையில் அவள் இடத்திலேயே இருந்தது. யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை. பழைய புத்தகத்தில், ஆடுபவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று விதி கிடையாது. ஆடுபவர் வராத நாளில் நடத்துபவரே அவர் பாத்திரத்துக்காகப் பேசலாம் என்றுதான் இருக்கிறது. நான் அதைப் பின்பற்றினேன். அவள் தாளின் மேல் கை வைத்து, "இருட்டா இருக்கு, எல்லாரும் என் பின்னால வாங்க," என்றேன். குரல் தானாக வந்தது. அவள் பிறந்ததிலிருந்து கேட்ட குரல்தானே. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, வீரன் தாளின் மேல் கை வைத்து, "சாப்டியாம்மா?" என்றார். "சாப்ட்டேன்ப்பா," என்றேன்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதற்காகத்தான் வந்தார். எனக்கும் பிள்ளை குட்டி கிடையாது சார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு புதிய பதிப்பு வந்தது. வாங்கி வந்தவர் பல் டாக்டர். வழவழவென்ற தாள், கலர் படம். முதல் ஆட்டத்தை அவரே நடத்தினார். நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் திருப்பிச் சொன்னார். டீச்சர், "டாக்டர், வாயைத் தொறக்க வெக்கிறதுக்குத்தான் உங்களுக்குக் காசு. கொஞ்சம் மூடிட்டு ஆட்டத்த நடத்துங்க," என்றார். ஒரு விஷயத்தில் மட்டும் நான் குறை சொல்லவில்லை, வெறுமனே படித்தேன். புதிய பதிப்பில் எல்லோருக்கும் இருட்டில் கண் தெரியும். அதனால் விளக்கு தேவையில்லை. அதனால் விளக்கேந்தி இல்லை. யாரோ எங்கோ உட்கார்ந்து, ஆட்டம் வேகமாகப் போகட்டும் என்று அவளை எடுத்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது.

அத்தான் அன்று புதிதாக ஒரு வியாபாரியை ஆடினார். வாயைத் திறந்தால் பொய் சொல்லும் ஆள். டிராகனிடமே தவணையில் கம்பளம் விற்றார். மகள் போன பிறகு அவர் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். மறுநாள் அக்கா போன் செய்தாள். "ராத்திரி நல்லாத் தூங்குனாருடா. காலைல பாட்டு முணுமுணுத்துக்கிட்டே கடை தொறந்தாரு. அந்தப் பழசு போதும்டா தம்பி. அவள விட்டுருவோம்."

லிஃப்டைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கூண்டுக்கு எதிர்ப்புறம் ஒரு பாரம் தொங்கும். கூண்டு காலியாக இருக்கும்போது அந்தப் பாரம்தான் கனம் அதிகம். பிரேக்கை விட்டால் கூண்டு கீழே விழாது, மேலே போகும். அத்தான் அந்த வாரம் அப்படித்தான் இருந்தார். பிடித்து வைத்திருந்த பிரேக் நான் ஒருவன்தான்.

பழைய ஆட்டத்தை முறையாக முடித்துவிடலாம் என்று பல் டாக்டர் சொன்னார். "அவளுக்கு ஒரு நல்ல முடிவாக் குடுத்துருங்க. ஒரு ஊரு, ஒரு வீடு, வாசல்ல விளக்கு. அவ்வளவுதான்." நல்ல யோசனை. நான் சம்மதித்தேன். ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். அக்காவும் வந்து அந்தக் கதவோரம் நின்றாள்.

ஊரும் வீடும் தயாராகத்தான் வைத்திருந்தேன். ஆனால் அவள் தாளின் மேல் கை வைத்ததும் வேறு வார்த்தை வந்தது. "எல்லாரும் அந்தப் புத்தகத்துக்குப் போயிட்டா, நான் இங்க தனியா இருக்கணுமாப்பா?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அத்தான் வியாபாரியின் தாளை நான்காக மடித்து டாக்டரிடம் கொடுத்து, "மன்னிச்சுக்கங்க டாக்டர்," என்றார்.

டாக்டரும் டீச்சரும் அதன் பிறகு வரவில்லை. அத்தான் தினமும் வந்தார். தைக்கக் கொடுத்த துணிகள் கடையில் அப்படியே கிடந்தன. அக்கா ஒரு நாள் நான் வேலை பார்க்கும் இடத்துக்கே வந்து, கிரீஸ் கையோடு நின்ற என்னிடம் சொன்னாள்: "அவர எனக்குத் திருப்பிக் குடுத்துருடா. பொண்ணத்தான் கேக்க முடியாது. அவரையாவது." நான் சரி என்றேன். அன்று மாலையும் கதவைத் திறந்து வைத்திருந்தேன். அவர் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? அவளைத் தனியாக விடவும் எனக்கு மனசு வரவில்லை. எல்லாம் அவளுக்காகத்தான்.

கடைசி ஞாயிறைப் பற்றித்தானே கேட்டீர்கள். பகடை உருட்டவில்லை. அத்தான் வீரனின் தாளை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். "நான் உங்கூடயே வந்துரட்டுமாம்மா?" என்று கேட்டார்.

கை தாளின் மேல் இல்லை. அதனால் கேட்டது வீரன் இல்லை, அத்தான். குகைக்குள் வரலாமா என்று கேட்கவில்லை. எங்கே வரக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் சொன்னதாக வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டாம். 'வேண்டாம் அத்தான், அக்கா காத்துக்கிட்டு இருப்பா' என்று என் குரலில் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. அவர் அவசரப்படுத்தவே இல்லை.

என் கை அவள் தாளின் மேல் இருந்தது. "வாங்கப்பா," என்றேன்.

எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "சரி மாப்ள, வரேன்," என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை கடைக் கதவைத் திறந்து பார்த்தவள் அக்கா. அவர் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார்.

விதிப்படி பார்த்தால் சொன்னது நான் இல்லை, அவள். ஆனால் நீங்கள் எங்கள் மேசையில் ஆடியவர் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. எனவே உங்கள் கேள்விக்குப் பதில், ஆமாம். அவரைப் போகச் சொன்னது நான்தான்.

அக்கா எனக்குக் கதவு திறப்பதில்லை. ஆனால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது சார். விளக்கேந்தியைப் புதிய பதிப்புக்கு மாற்ற வழி கிடையாது, மாற்றத் தேவையும் இல்லை. ஞாயிறு மதியம் அவள் தாளின் மேல் வலது கையையும் வீரன் தாளின் மேல் இடது கையையும் வைத்துக்கொள்கிறேன். ஆடுபவர் வராத நாளில் நடத்துபவரே பேசலாம். விதி இரண்டு பேருக்கும் சரியாகப் பொருந்துகிறது.