எழுபத்தொன்றில் நின்ற வயது

திருப்போரூரில் ஏறிய இருவர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மனை விற்கிறவர். கம்ப்யூட்டர் வேலைக்கு மாறப் படிக்கிறாராம். மற்றவர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்.

"நான் அனுப்பின நாலு பாடமும் புரிஞ்சிதா மச்சான்?" என்றார் கம்பெனிக்காரர்.

"நாலுல ஒண்ணுதான் புரிஞ்சிது. ப்ரோக்ராம்ல 'ஆள்'னு ஒரு அச்சு எழுதி, வூட்ல கீறவங்க பேரு, வயச அதுல போடச் சொன்னாங்க. வருசத்த கூட்டினா எல்லாருக்கும் வயசு ஏறுது. அம்மாவுக்கு மட்டும் எழுபத்தொண்ணுல நின்னுடுது."

கம்பெனிக்காரர் சிரித்தார். "தப்பா எழுதிக்கீற."

"தப்புன்னா எல்லாருக்கும் நிக்கணுமே, ஒரே அச்சுதானேடா?"

"அம்மாவுக்கு இப்ப இன்னா வயசு?"

"வர்ற வெள்ளிக்கெழம எழுபத்தொண்ணு."

கம்பெனிக்காரரின் சிரிப்பு அடங்கிவிட்டது. "அவங்க பேர அழிச்சிடு."

"பெத்தவ பேர நான் எப்பிடிடா அழிப்பேன்? இந்தா, போன்லதான் கீது, நீ அழி."

போனை வாங்கிய கம்பெனிக்காரர், மாமல்லபுரம் வரும் வரைக்கும் அதன் திரையை விரலால் தொடாமல் மடியிலேயே வைத்திருந்தார்.