கமலாவைப் பெண் கேட்டு வந்தவர்கள்

கிள்ளான் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். மெல்லத்தான் பேசினார், ஆனாலும் காதில் விழுந்தது.

"விதை ரெண்டும் பொறந்ததிலேருந்து வயித்துக்குள்ளயே இருக்காம்க்கா. வயித்து வலின்னுதான் போனேன். ஸ்கேன் படத்துல டாக்டர் காட்டுனாரு. அதான் புள்ள இல்லையாம்."

"ஒனக்குத் தெரியாதாடா?"

"கீழ ஒன்னும் இல்லேன்னு தெரியும்லா. வெக்கத்துல யார்கிட்டயும் காட்டல."



"ஆறு வருஷம் ஒம் பொண்டாட்டிய மட்டும்தான டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனோம். மலடின்னு சொல்லி அவ அப்பா வீட்டுல விட்டுட்டு வந்தோமேடா."

"கமலாகிட்ட போய்ச் சொல்லிடுவோம்க்கா. அவளாவது வேற கல்யாணம் பண்ணிக்கட்டும்."

"அவளுக்கும் நாப்பது ஆவப்போவுது. நாம விட்டுட்டு வந்தப்புறம் அவளப் பொண்ணு கேட்டு வந்தாங்கடா. நம்ம வீட்டுலதான் வந்து விசாரிச்சாங்க. புள்ள பொறக்காதுன்னு நாந்தான் சொல்லி அனுப்பிட்டேன்."

"எத்தன பேரு?"

"மூணு பேரு."

"எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"ஒனக்கு மனசு கஷ்டமாயிருக்கும்னு சொல்லல."